ஐப்பசியில் பாறை ஏற மதுரைக்கு வரலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது படித்தாலும் புரியட்டும். சென்னையிலிருந்து ஐந்து நண்பர்கள். ஒரு வருடமாகச் செயற்கைச் சுவரில் பழகுகிறீர்கள். உண்மையான பாறையில் ஏறியது பயிற்சியாளருடன் ஓரிரு முறைதான். தீபாவளிக்கு மறுநாளிலிருந்து நான்கு நாள் மதுரையில் தங்கி ஏறுவதாகத் திட்டம். ரயில் டிக்கெட்டும் அறையும் எடுத்தாகிவிட்டது. இப்போது கைப்பேசியைப் பார்த்தால் நான்கு நாளும் இடி மின்னல் படம், 60, 70 சதவீதம் மழை. ரத்து செய்வதா, எந்தச் செயலியை நம்புவது, மழைக்கு ஒதுங்க வசதியாக எந்தப் பாறைக்குப் போவது, மழைக்கோட்டும் தார்ப்பாயும் வாங்க வேண்டுமா என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியைத் தவிர மற்ற மூன்றும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன: வானம் என்ன செய்யும் என்று உறுதியாகத் தெரியாதபோது அந்த நாள்களை எப்படி வகுத்துக்கொள்வது?

உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் பயின்றவன் நான். பிறகு பல வருடங்களாக மதுரைப் பக்கத்துப் பாறைகளில் கல்லூரி மாணவர்களுக்குக் கயிறு பிடிக்கக் கற்றுக்கொடுத்து வருகிறேன். வானிலை என் படிப்பு அல்ல. பாறையடியில் நின்று தினமும் பார்க்க வேண்டிய ஒன்றாக அது என்னிடம் வந்து சேர்ந்தது. உங்கள் கைத்திறனையும் நீங்கள் போடும் நங்கூரத்தையும் (கயிற்றைப் பாறையோடு பிணைக்கும் கட்டு) நான் பார்த்ததில்லை. அதனால் இங்கே சொல்வது திட்டத்துக்கு உதவும். பாறையடியில் உங்களோடு நிற்க வேண்டிய அனுபவசாலிக்கு ஈடாகாது. ஐவரில் வெளியே தலைமை ஏறியவர், அதாவது மேலிருந்து கயிறு தாங்காமல் முதல் ஆளாகக் கயிற்றை மேலே கொண்டுபோனவர், ஒருவராவது இல்லையென்றால், மழையை விட்டுவிட்டு முதலில் அந்த ஆளைத் தேடுங்கள்.

சுருக்கமான பதில் இதுதான். வாருங்கள். ஆனால் நான்கு முழு நாள் ஏறப்போகிறோம் என்று நினைத்து வராதீர்கள். நான்கு காலைப்பொழுது கையில் இருக்கிறது, அதில் இரண்டோ மூன்றோ கிடைக்கும் என்று நினைத்து வாருங்கள். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஏதாவது உருவாகித் தென் தமிழகக் கரையை நோக்கி வருவதாக அறிவிப்பு வந்தால் மட்டும் யோசிக்காமல் ரத்து செய்யுங்கள்.

ஏன் காலை என்று சொல்கிறேன். மதுரை மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கிறது. ஜூனில் கேரளத்தை நனைக்கும் தென்மேற்குப் பருவமழை இங்கே பெரும்பாலும் காற்றாகத்தான் வரும். நமக்கு வேண்டிய மழை வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. அது தொடங்க வேண்டிய வழக்கமான நாள் அக்டோபர் 20-ஐ ஒட்டி. மாதக் கணக்கில் மதுரைக்கு அதிக மழை தருவதும் அக்டோபர்தான். 'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்பதில் தவறில்லை. ஆனால் ஐப்பசி மழையில் இரண்டு வகை உண்டு, பாறை ஏறுகிறவருக்கு அந்த வேறுபாடுதான் எல்லாம். ஒன்று, கடலில் தாழ்வு நிலை இருக்கும்போது பெய்வது. அதற்கு நேரம் காலம் கிடையாது, விடியற்காலையிலும் பெய்யும், இரண்டு நாள் விடாமலும் பெய்யும். மற்றது, தாழ்வு ஏதும் இல்லாத நாளில் வெயில் ஏறி, தரை சூடாகி, பிற்பகலில் மேகம் திரண்டு கொட்டுவது. இது பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான். 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டி, செல்லூர்ப் பக்கத்துத் தெருக்களை மூழ்கடித்த மழையும் பிற்பகலில் வந்ததுதான். முதல் வகை நாளில் பாறைப் பக்கமே போகக்கூடாது. இரண்டாம் வகை நாளில் காலை ஆறரை முதல் பதினொன்று வரை பெரும்பாலும் உங்களுடையது.

இப்போது அந்த 60 சதவீதம். பெரும்பாலான செயலிகளின் முதல் பக்கத்தில் இருக்கும் எண் அந்த நாள் முழுவதற்குமானது. மாலை நான்கு மணிக்கு இடிமழை வர வாய்ப்பு அதிகம் என்றாலும் நாள் முழுக்க 60 சதவீதம் என்றே காட்டும். மணிவாரிப் பக்கத்தைத் திறந்து காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பல நாளில் அங்கே 10, 15 தான் இருக்கும். அதையும் முழுதாக நம்ப வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. இந்தக் கணிப்புகளைத் தரும் கணினி மாதிரிகள் உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரியில் கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர்; நம் வானிலைத் துறை 2025-இல் கொண்டுவந்த பாரத் முன்கணிப்பு அமைப்பில் 6 கிலோமீட்டர். யானைமலை முழுவதும் அப்படி ஒரு கட்டத்துக்குள் படுத்துவிடும். ஒற்றை இடிமேகத்தின் அகலமும் சில கிலோமீட்டர்தான். அது ஒத்தக்கடையில் கொட்டுமா, திருமோகூரில் கொட்டுமா என்று அந்த மாதிரியால் சொல்ல முடியாது. எந்தச் செயலி சரி என்ற கேள்விக்கு என் பதில்: இடிமழை விஷயத்தில் எந்தச் செயலியும் முந்தைய நாளே இடத்தையும் நேரத்தையும் சரியாகச் சொல்லாது. படம் அழகாக இருப்பதால் ஒன்றை நம்பவும் வேண்டாம், ஒருமுறை தவறியதால் ஒதுக்கவும் வேண்டாம்.

அதற்காக முன்னறிவிப்பே வீண் என்று சொல்லவில்லை. எந்த அறிவிப்பை எந்த முடிவுக்குப் பயன்படுத்துவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு வாரம் முன்னால் பார்ப்பது ஒன்றுக்கு மட்டும்: கடலில் ஏதாவது திரள்கிறதா? இதை இப்போதைய மாதிரிகள் ஓரளவு நன்றாகவே சொல்கின்றன. மூன்று நாள் இருக்கும்போது சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் மாவட்டவாரி அறிவிப்பைப் பாருங்கள். மதுரைக்கு மஞ்சள் என்றால் திட்டத்தைச் சுருக்குங்கள், ஆரஞ்சு என்றால் அன்று ஏற வேண்டாம், சிவப்பு என்றால் அறையை விட்டே கிளம்ப வேண்டாம். அதில் 'கனமழை' என்பது வெறும் பேச்சு வழக்கு அல்ல. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் என்று பொருள். அந்த 24 மணி நேரம் காலை எட்டரைக்குத் தொடங்கி மறுநாள் எட்டரைக்கு முடிகிறது என்பதும் பலருக்குத் தெரியாது. செய்தித்தாளில் 'நேற்று மேலூரில் 4 செ.மீ.' என்று பார்த்தால் அது இன்று விடியற்காலை பெய்ததாகவும் இருக்கலாம். அப்படியென்றால் பாறை இன்னும் காய்ந்திருக்காது.

முந்தைய இரவு செயற்கைக்கோள் படத்தையும் காரைக்கால், கொச்சி ரேடார் படங்களையும் பார்த்துவிட்டுத் தூங்குங்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் வானிலைத் துறையின் மூன்று மணி நேர உடனடி அறிவிப்பு. பாறையடியில் இருக்கும்போது புனே வெப்பமண்டல வானிலை நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி. 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் விழுவதை அது காட்டும். ஐந்து செயலிகளை மாற்றி மாற்றிப் பார்த்து, நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லும் ஒன்றில் போய் நிற்பது மனித இயல்பு. இந்த வரிசை அதைக் கொஞ்சம் தடுக்கும்.

பாறைக்கு வந்த பிறகு கைப்பேசியைவிடக் கண்தான் உதவும். எந்தத் திசையைப் பார்ப்பது என்பது மாதத்தைப் பொறுத்தது. செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும் மேல்காற்று மேற்கிலிருந்து வீசுவதால் இடிமேகம் கொடைக்கானல், சிறுமலைப் பக்கம் பிறந்து மாலையில் மதுரைக்கு வரும். பருவமழை பிடித்த பிறகு கிழக்கே, சிவகங்கைப் பக்கமிருந்து வரும். இரண்டுக்கும் நடுவில், நீங்கள் வரும் அந்தச் சில வாரங்களில், காற்று வலுவில்லாமல் இருக்கும். அப்போது மேகம் எந்தப் பக்கமும் நகராமல் பிறந்த இடத்திலேயே நின்று கொட்டிவிடும். ஆகவே நான்கு திசையும் பார்க்க வேண்டும். பத்து மணிக்கு முன்பே அழகர்மலை மேலே மேகம் அகலத்தைவிட உயரமாக வளர்ந்திருந்தால் அன்றைக்கு வேலையைச் சீக்கிரம் முடியுங்கள். உச்சி தட்டையாகப் பரவத் தொடங்கிவிட்டால் அது முதிர்ந்த இடிமேகம். வெயிலில் வேர்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் அடித்து, மண்வாசனையும் வந்தால், பக்கத்தில் எங்கோ மழை இறங்கிவிட்டது. அந்தக் காற்றே மழைக்கு முன்னோடி. அதற்குப் பிறகு உங்களுக்குப் பத்து நிமிடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இருக்கிறது. மழை வருமா என்று கணக்குப் போடுவதை விடுங்கள், அது உங்கள் கையில் இல்லை. இந்த நிமிடம் முடிவெடுத்தால் ஐந்து பேரும் வண்டிக்குள் உட்கார எத்தனை நிமிடம் ஆகும்? அந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. மேலே நங்கூரம் போட்டுக் கயிற்றைத் தொங்கவிட்டு ஏறும் இருபது மீட்டர் பாறையில், ஏறிக்கொண்டிருப்பவரைக் கீழே இறக்க இரண்டு நிமிடம் போதும். நங்கூரத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடினால், வண்டி பத்து நிமிட நடையில் நிற்கிறது என்றால், கால் மணி நேரத்துக்குள் பத்திரம். அதே ஐந்து பேர் நான்கு கட்டமாக ஏற வேண்டிய நூறு மீட்டர் பாறையின் மூன்றாம் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஐவரும் வரிசையாகக் கயிற்றில் இறங்கி, கயிற்றை இழுத்து, மறுபடி கட்டி, நடுவில் அது ஏதாவது விளிம்பில் சிக்கினால் அதையும் விடுவித்து என்று பார்த்தால் ஒன்றரை மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். குளிர்காற்று தரும் பத்து நிமிடத்தில் இது நடக்காது. ஆகவே ஐப்பசியில் நீண்ட பாறைக்குப் போகாதீர்கள். அரை மணிக்குள் வண்டிக்குத் திரும்ப முடியாத எந்த இடமும் இந்த நான்கு நாளுக்கு உங்கள் பட்டியலில் இருக்கக்கூடாது. முதல் நாள் காலையில் ஒருமுறை, வெயில் அடிக்கும்போதே, கைக்கடிகாரத்தைப் பார்த்து இறங்கி ஓடிப் பழகுங்கள். காகிதத்தில் போட்ட கணக்கைவிட எப்போதும் கூடுதலாகத்தான் ஆகும்.

மழையைவிட மின்னலுக்குத்தான் நான் பயப்படுகிறேன். மதுரைப் பாறைகள் பெரும்பாலும் மொட்டைப் பாறைகள். உச்சியில் நிற்கும் ஆள்தான் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருள். மின்னலைப் பார்த்தது முதல் இடியைக் கேட்பது வரை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே இறங்க வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் மறுபடி பாறையைத் தொட வேண்டும். இந்த அரை மணி நேரத்தை இளைஞர்கள் பத்து நிமிடமாகச் சுருக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

மழைக்கு ஒதுங்க வசதியான பாறை என்று கேட்டீர்களே, அது இங்கே ஒரு பொறி. மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு போன்ற இடங்களில் சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளங்கள் இருக்கின்றன. குகை வாயின் மேல்விளிம்பில் காடி (நீண்ட பள்ளக்கோடு) வெட்டியிருப்பார்கள். பாறை மேலிருந்து வழியும் தண்ணீர் உள்ளே வராமல் அந்த விளிம்பில் தடைபட்டுச் சொட்டிவிடும். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழி எழுத்துக்கள் இன்றும் படிக்கக் கிடைப்பதில் அந்தக் காடிக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். மழைக்கு அருமையான ஒதுக்கிடம். மின்னலுக்கு அப்படி அல்ல. ஆழமில்லாத குகையின் வாயில் நிற்பவர் மீது பாறை வழியாக வரும் மின்சாரம் தாவக்கூடும். பாறைச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவதும், தனி மரத்தடியில் நிற்பதும் அதே ஆபத்துதான். இரும்புக் கூரை கொண்ட, கண்ணாடி ஏற்றிய வண்டிதான் பத்திரமான இடம். ஆகவே பாறைக்கு மோட்டார் சைக்கிளில் போகாமல் வேனோ காரோ வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டுநரையும் அங்கேயே இருக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, மழை விட்ட பிறகு எப்போது ஏறலாம்? நம் பக்கத்துப் பாறை கருங்கல் இனம், தண்ணீரை உறிஞ்சாது. பலரும் ஏறப் போகும் கர்நாடகத்துப் பதாமியில் இருப்பது மணற்பாறை. அது ஈரத்தில் உள்ளுக்குள் பலமிழந்து, பிடித்த விளிம்பே பெயர்ந்து வந்துவிடும் என்பதால் மழைக்குப் பிறகு ஒரு நாளாவது, பெருமழை என்றால் அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். கருங்கல்லுக்கு அந்த நோய் கிடையாது. அரை மணி நேரத் தூறலுக்குப் பின் வெயில் பட்டால் செங்குத்தான முகம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆனால் பார்வைக்குக் காய்ந்தது போதாது. பாறையின் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள் ஓடும், பார்த்திருப்பீர்கள். அவை தண்ணீர் வழியும் பாதைகள், அவற்றில் பாசி உயிரோடு இருக்கிறது. சுற்றிலும் வெளுத்துக் காய்ந்திருக்கும்போதும் அந்தக் கோட்டில் புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கும். காலணியை வைத்தால் வழுக்கும். நம் பக்கம் அதிகம் இருப்பது சாய்வுப் பாறை. அதில் கைக்குப் பிடி ஏதும் இருக்காது, காலணி ரப்பரின் உராய்வு ஒன்றை நம்பித்தான் நிற்கிறோம். வழியில் கறுப்புக் கோடு குறுக்கிட்டால் அந்த வழி இன்றைக்கு இல்லை. அடைமழைக்குப் பிறகு வெடிப்புகளில் இரண்டு மூன்று நாள்கூடக் கசிவு நிற்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கே தீர்மானமான கருத்து இல்லை. இந்தப் பாறைகள் தோல் உரிவதுபோல் அடுக்கடுக்காகப் பெயர்பவை. பெருமழைக்குப் பிறகு பெயர்ந்த தகடுகள் மேலும் தளர்கின்றனவா என்பதற்கு நான் பார்த்தவற்றை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியும், இல்லை என்றும் சொல்ல முடியும். ஆகவே மழைக்காலமோ கோடையோ, எடை வைக்கும் முன் தகட்டைத் தட்டிப் பார்க்கிறேன். வெற்றொலி வந்தால் தொடுவதில்லை. கீழே கயிறு பிடிப்பவரும் ஹெல்மெட்டைக் கழற்றக்கூடாது.

எந்த முகத்தில் ஏறுவது என்பதற்கும் வானிலைக்கும் தொடர்பு உண்டு. வெளிநாட்டு நூல்களைப் படித்துவிட்டு 'நிழலுக்கு வடக்கு முகம்' என்று எல்லோரும் சொல்வார்கள். மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் நம் உச்சந்தலைக்கு வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் வடக்குப் பக்கம்தான் நிற்கும். ஆனி, ஆடியில் வடக்கு முகத்துக்குப் போனால் வெந்துவிடுவீர்கள். அப்போது நிழல் தெற்கு முகத்தில். ஐப்பசியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் செங்குத்தான வடக்கு முகத்தில் நாள் முழுவதும் வெயில் படாது. நிழல் நல்லதுதான், ஆனால் நேற்றைய மழை அங்கே இன்னும் காயாமல் இருக்கும். நீங்கள் காலையில் மட்டும் ஏறப்போவதால் கிழக்கு முகம்தான் சரி. ஆறு மணியை ஒட்டி உதிக்கும் சூரியன் நேராக அடித்து ஈரத்தையும் பனியையும் முதலில் அங்கேதான் உலர்த்துகிறது. பத்தரை மணிக்குப் பாறை சுடத் தொடங்கும், காலணி ரப்பர் இளகும். அப்போது இறங்க வேண்டிய நேரமும் வந்துவிடும்.

எந்தப் பாறை என்று பெயர் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். சொல்லாமல் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. மதுரையைச் சுற்றிக் கண்ணில் படும் பாறைகளில் பாதிக்கு மேல் வெறும் பாறைகள் அல்ல. யானைமலையில் நரசிங்கப் பெருமாள் குடைவரையும் லாடன் கோயிலும் சமணச் சிற்பங்களும் இருக்கின்றன. கீழக்குயில்குடி சமணர் மலை, திருப்பரங்குன்றம், கீழவளவு எல்லாம் தொல்லியல் சின்னங்களோ வழிபாட்டிடங்களோ இருக்கும் மலைகள். அரிட்டாபட்டியை 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அங்கே பாறை முகங்களில் வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. அழகர்மலையிலும் சிறுமலையிலும் காப்புக்காடு. 2018 விதிகளின்படி வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே மலையேறக்கூடாது. சின்னம் உள்ள பாறையில் கயிறு கட்டுவதும், போல்ட் அடிப்பதும், வெள்ளைத்தூள் தடவிய கையை வைப்பதும் கூடவே கூடாது. இவற்றைக் கழித்த பிறகும் மேலூர், நத்தம் பக்கங்களில் சிறு பாறைகள் மிஞ்சும். அங்கே உள்ளூர் ஏறுபவர் ஒருவரோடு, நில உரிமையாளரிடமோ ஊராட்சித் தலைவரிடமோ முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். கைவிட்ட கிரானைட் குவாரிச் சுவர் நேராக, அழகாக இருக்கும், ஆசைப்படாதீர்கள். வெடி வைத்து உலுக்கிய கல், கீழே மழைநீர் தேங்கிய ஆழம் தெரியாத பள்ளம்.

போகும் வழியையும் வானிலை மாற்றும். கோடையில் கண்மாய்க்குள்ளேயே நடந்து பாறையடிக்குப் போகலாம். ஐப்பசியில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அதே இடத்துக்குக் கரையைச் சுற்றி அரை மணி நேரம் நடக்க வேண்டும், திரும்பவும் அப்படியே. மேலே போட்ட நிமிடக் கணக்கு அங்கேயே உடைந்துவிடும். ஆகவே முந்தைய நாள் மாலை ஒருவர் போய் வழியைப் பார்த்துவிட்டு வரட்டும். பழைய சாக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். காலணியின் அடியில் ஒட்டிய களிமண்ணைத் துடைக்காமல் சாய்வுப் பாறையில் கால் வைத்தால் முதல் அடியிலேயே தெரியும். ஆடு மேய்க்கும் பெரியவர் யாராவது இருந்தால் வணக்கம் சொல்லி இரண்டு வார்த்தை பேசுங்கள். மழை வருமா என்பதைவிட, எந்த இடுக்கில் மலைத்தேன் கூடு இருக்கிறது என்று கேளுங்கள். அதை அவர் தவறாமல் சொல்வார். தொங்கும் விளிம்புகளுக்கு அடியில் மலைத்தேனீ கூடு கட்டும். கூடு இருக்கும் முகத்தில் எந்தப் பருவத்திலும் ஏறக்கூடாது.

கயிறு பற்றி ஒன்று. நனைந்த நைலான் கயிறு, விழுபவரைத் தாங்கும் திறனில் கணிசமாகக் குறைந்துவிடுகிறது. சோதனைகளில் நிறுவப்பட்ட செய்தி இது. காய்ந்தால் பெரும்பகுதி திரும்பிவிடும். நனைந்த கயிற்றில் மெதுவாக இறங்கலாம், தலைமை ஏறக்கூடாது. அறைக்கு வந்ததும் மின்விசிறிக்கு அடியில் தளர்வாக விரித்துவிடுங்கள், வெயிலில் போடாதீர்கள். மறுநாள் காலைக்குள் காயாமல் போகலாம் என்பதால் இரண்டாவது கயிறு ஒன்று இருப்பது நல்லது. விட்டுவிட்டு வர மனம் வலிக்காத பழைய நாடாவும் காராபினரும் (கயிறு மாட்டும் உலோகக் கொக்கி) நங்கூரத்துக்கு வையுங்கள். இரண்டாயிரம் ரூபாய்ப் பொருளைக் கழற்ற இடிக்கு நடுவே மேலே ஏறியவர்களை எனக்குத் தெரியும்.

இறங்கலாம் என்று யார் சொல்வது என்பதையும் சென்னையிலேயே பேசி முடித்துவிடுங்கள். எங்கள் குழுவில் யார் ஒருவர் சொன்னாலும் இறங்குவோம், விவாதம் வண்டிக்குள்தான். ஐவரும் சம்மதிக்க வேண்டும் என்று வைத்தால், நான்கு மாதம் காத்திருந்து வந்த பயணத்தில் அந்தச் சம்மதம் முதல் துளி விழுந்த பிறகுதான் வரும். ஏற முடியாத நாளுக்கும் வேலை வைத்துக்கொள்ளுங்கள்: மொட்டைமாடிக் கொட்டகையில் நங்கூரம் கட்டிப் பழகுவது, சிக்கிய கயிற்றிலிருந்து ஏறி மீள்வது, அல்லது கீழடி அருங்காட்சியகம் போய்வருவது. சும்மா உட்கார்ந்திருந்தால் 'இப்போது வெறித்துவிட்டது, போய்த்தான் பார்ப்போமே' என்று மூன்று மணிக்கு ஒருவர் ஆரம்பிப்பார்.

அடுத்த முறை தேதியை நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால் பொங்கலை ஒட்டி வாருங்கள். மார்கழிப் பனியில் பாறை காலையில் கொஞ்சம் ஈரமாக இருக்கும். எட்டு மணிக்கு மேல் தை, மாசியைப் போன்ற பொழுது இங்கே வேறு இல்லை. ஆடியில் மழை குறைவு, ஆனால் காற்றில் மேலே இருப்பவர் கத்துவது கீழே கேட்காது. கயிற்றை இழுத்துச் சைகை செய்யப் பழகியிருக்க வேண்டும். பங்குனியிலிருந்து வெயில். காட்டுக்குள் போவதாக இருந்தால் அப்போது நெருப்பும் உண்டு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தீக்காலத்தில் வனத்துறை பாதைகளை மூடினால் முணுமுணுக்காதீர்கள்.

கடைசியாக, மழைக்கோட்டு. ஆளுக்கு ஒன்று வாங்குங்கள், முழங்காலுக்கு மேல் நிற்கும் சாதாரண மேல்சட்டை வகை போதும். நீளமான அங்கி இடுப்பில் கட்டும் ஹார்னஸில் சிக்கும், கால் வைக்கும் இடத்தையும் மறைக்கும். தார்ப்பாய் ஒன்று போதும். அது உங்களுக்காக அல்ல, கயிற்றுக்காக: பாறையடியில் விரித்து அதன்மேல் கயிற்றைக் குவித்து வையுங்கள், தூறல் விழுந்தால் மிச்சப் பாதியை எடுத்து மூடிவிடலாம். சென்னையிலிருந்து சுமந்து வர வேண்டாம், இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம்.